எந்த இலையைப் பார்த்தீர்கள்?

அன்புள்ள ஐயா,
தாவரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். கஞ்சா இலை விரல்போலப் பிரிந்திருக்கும்; அதன் ஒவ்வொரு விரலான சிற்றிலை அகலமாக இருந்தால் இண்டிகா, ஒடுங்கியிருந்தால் சடைவா என்கிறார்கள். இலையை மட்டும் பார்த்து ரகத்தின் பெயரைச் சொல்ல முடியுமா? மூன்றாவதாகச் சொல்லப்படும் ருடெராலிஸ் தனி இனமா?
ஒரு மாணவர், கோவை

அன்புள்ள தம்பி,

முடியாது. ருடெராலிஸ் இப்போதைக்குக் கிடக்கட்டும். அந்த ‘இண்டிகா’ என்ற சொல்லைத்தான் என்னால் விட முடியவில்லை.

1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்த செடிக்குச் சடைவா என்று பெயரிட்டார். 1785இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் இந்தியாவிலிருந்து போன செடியை இண்டிகா என்றார். அவர் எழுதி வைத்தது ஒடுங்கிய சிற்றிலை! 1970களில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஷுல்டெஸ் ஆப்கானிஸ்தானில் பார்த்த குட்டையான, அகலச் சிற்றிலைச் செடிகளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தார். அன்றுமுதல் நம் நாட்டின் பெயர் ஆப்கான் செடிமேல் கிடக்கிறது. லாமார்க் பார்த்த இந்தியச் செடியைச் சடைவா என்கிறார்கள். தாவரவியல் படிப்பவர் மூல விவரிப்பைத் தேடாமல் படத்தை மனப்பாடம் செய்யலாமா? எனக்குக் கோபம் வருகிறது.

சரி, இலை. எந்த இலை? நாற்றின் முதல் இணை இலையில் ஒரே சிற்றிலைதான். அடுத்த இணையில் மூன்று. பிறகு ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏறி, பூங்கொத்தை நெருங்கும்போது மறுபடி மூன்றுக்கும் ஒன்றுக்கும் இறங்கிவிடும். இலையமைவும் அப்படியே: கீழே எதிரெதிர், மேலே மாறிமாறி. நுனி இலையைப் பறித்து அளந்தால் கணக்கு தப்பும். தண்டின் நடுப்பகுதியில் முழுதாக விரிந்த இலையை எடுத்து, நடுச் சிற்றிலையின் நீளத்தை அதன் மிக அகன்ற இடத்தின் அகலத்தால் வகுக்க வேண்டும். ஒரு செடி போதாது. நிழலில் வளர்ந்ததையும் வெயிலில் வளர்ந்ததையும் கலக்கவே கூடாது. இவ்வளவு செய்தும் கிடைப்பது ‘அகலம்’, ‘ஒடுக்கம்’ என்ற இரண்டு சொல்தான். கடையில் சொல்லும் ரகப் பெயர் அதில் இல்லை. 2015இல் 81 கஞ்சா மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தபோது, ஒரே பெயர் கொண்டவையே பல இடங்களில் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

கஞ்சாவா இல்லையா என்று கேளுங்கள், இலை நன்றாகவே பேசும். புளிச்சைக்கீரைக்கு லின்னேயஸ் ‘கன்னாபினஸ்’ என்று பெயர் வைத்ததே இந்தச் சாயலால்தான். ஆனால் அதில் இலையின் பிளவுகளான மடல்கள் அடியில் ஒட்டியிருக்கும். கஞ்சாவில் சிற்றிலைகள் காம்பின் நுனிவரை தனித்தனி. கஞ்சா இலையின் மேற்புறத்தில் கரடி நகம்போல வளைந்த குட்டை மயிர்கள் உண்டு. அவற்றின் அடியில் கால்சியம் கார்பனேட். நுண்ணோக்கியின் கீழ் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் குமிழி கிளம்பும்.

இதற்காகச் செடி தேடி அலையாதீர்கள் தம்பி, வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள். உலர்தாவரத் தொகுப்பில் (ஹெர்பேரியம்) அனுமதி கேட்டு, செடிகளை உலர்த்தி ஒட்டிய தாள்களைப் பாருங்கள். அளவுகோலை மறக்க வேண்டாம்.

அன்புடன்.