மாத்திரை செய்யும்போது பவுடரை ஏன் குருணையாக்குகிறார்கள்? வெட், டிரை, டைரக்ட் மூன்றில் எது நல்லது?

"பவுடரை அப்படியே மெஷினில் போட்டு அழுத்தினால் மாத்திரை வராதா, கிரானுலேஷன் என்று ஏன் இத்தனை சுற்று?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். எல்லா மருந்துக்கும் வராது. மதுரைப் பக்கம் ஒரு சின்ன மாத்திரை யூனிட்டில் புரொடக்‌ஷனில் இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மாத்திரை மெஷின் எதையும் எடை போடுவதில்லை. டை என்கிற குழியில் எவ்வளவு கொள்கிறதோ அதுதான் ஒரு மாத்திரை. நைசான பவுடர் ஹாப்பரில் (மேலே பவுடர் கொட்டும் புனலில்) ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு பொலபொலவென்று சரியும். எடை எகிறும், குறையும். இந்திய பார்மகோப்பியா (மருந்துத் தர நூல்) கணக்குப்படி 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள மாத்திரை, சராசரி எடையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. 20 மாத்திரையில் இரண்டுக்கு மட்டும் சலுகை உண்டு. குருணையாக இருந்தால் சீராக இறங்கும், நடுவில் காற்றும் அதிகம் சிக்காது.

அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாதிரி டோஸ் குறைந்த மருந்துக்கு டைரக்ட் கம்ப்ரெஷன், அதாவது குருணையாக்காமல் நேராக அழுத்துவதே போதும். மாத்திரையில் பெரும்பங்கு மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் போன்ற நிரப்பிதானே, அழுத்தத்தை அது தாங்கிக்கொள்ளும். மருந்து எல்லாப் பக்கமும் சமமாகக் கலந்ததா என்பதில்தான் கவனம் வேண்டும். பாராசிட்டமால் 500 கதை வேறு. மாத்திரையில் பெரும்பகுதி மருந்தே. அதன் படிகம் அழுத்தினால் அமுங்கி, விட்டால் மறுபடி விரியும். தனியாக அழுத்தினால் மாத்திரையின் தலை தொப்பி மாதிரி கழன்று வரும். அதைத்தான் கேப்பிங் என்பார்கள். பைண்டர் (பசைப் பொருள்) போட்டு, ஈரமாக்கிக் குருணையாக்கும் வெட் கிரானுலேஷன் செய்வது அதற்காகத்தான்.

ஈரம் ஆகாத மருந்துக்கு டிரை முறை. கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த அமாக்சிசிலினை ரோலரில் பட்டையாக அழுத்தி, உடைத்து, சலித்து எடுப்பார்கள். தூசு பறக்கும். ஒருமுறை அழுத்திய பொருள் மறுமுறை அழுத்தும்போது முன்போல இறுகாது.

வெட் முறையில் ஆர்எம்ஜி (ஈரம் சேர்த்துக் கலந்து குருணையாக்கும் மெஷின்) ஓடும்போது, பதம் வந்ததா என்று அறிய, மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் ஆம்பியர் மீட்டரைப் பார்ப்போம். ஆனால் பழைய ஆட்கள் கையால்தான் தீர்ப்பு சொல்வார்கள். புட்டு மாவுக்குப் பார்ப்பது போலத்தான்: ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். கையில் பிசுபிசுத்தால் தண்ணீர் கூடிவிட்டது.

என்னைக் கேட்டால், கம்ப்ரெஷன் ரூமில் வரும் சண்டையில் பாதி டிரையரில் தொடங்கியது. ஈரம் மிஞ்சினால், அழுத்தும் பஞ்ச் (punch) முனையில் ஒட்டும். எலும்பாகக் காய்ந்தால் கேப்பிங். பல தயாரிப்புகளுக்கு எல்ஓடி (காய வைத்தால் குறையும் எடை, அதாவது மிச்ச ஈரத்தின் அளவு) 1 முதல் 3 சதவீதத்துக்குள் நிற்கும், உங்கள் பேட்ச் ரெக்கார்டு (அந்தத் தயாரிப்புக்கான செய்முறைப் பதிவேடு) என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். எஃப்பிடி, அதாவது குருணையைக் காற்றில் மிதக்கவிட்டுக் காய வைக்கும் டிரையர், வெளிக்காற்றை இழுத்துச் சூடாக்கி அனுப்புகிறது. அந்தக் காற்றின் ஈரத்தை முன்கூட்டியே எடுக்கும் வசதி இல்லாத இடத்தில் சித்திரை வெயிலில் காயும் நேரமும் ஐப்பசி மழையில் காயும் நேரமும் ஒன்றாக இருக்காது. "போன தடவை இத்தனை நிமிஷம்" என்று கடிகாரம் பார்த்து இறக்குபவரை நம்பாதீர்கள். சாம்பிள் எடுத்து எல்ஓடி பார்த்தவரை நம்புங்கள். அவசரத்தில் சூட்டைக் கூட்டினாலும் தொல்லை. வெளியே காய்ந்து, உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். மில்லில் உடைத்த பிறகுதான் அது வெளியே வரும்.

அப்புறம் மெக்னீசியம் ஸ்டியரேட், மாத்திரை மெஷினில் ஒட்டாமல் இருக்கப் போடும் வழுக்குப் பொருள். அதைக் கடைசியில் போட்டு சில நிமிஷம்தான் கலக்க வேண்டும். பொதுவாக 1 சதவீதத்துக்குள் போதும். நேரம் நீண்டால் குருணையைச் சுற்றி எண்ணெய்ப் படலம் போலப் பூசிக்கொள்ளும். மாத்திரை மெதுத்துப்போகும், தண்ணீரில் கரையவும் தாமதமாகும். பார்மசி படிப்பவராக இருந்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கட்டாயம் கேட்பார்கள்.