சிவப்பு அறிவிப்பு வந்தால் கைதா?

கேள்வி: இன்டர்போல் சிவப்பு அறிவிப்பு விடுத்த பிறகும், வெளிநாட்டில் பதுங்கியவரை இங்கே கொண்டுவர ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன?
– வாசகர், கும்பகோணம்.

பதில்: திரைப்படங்களில் காட்டுவதுபோல் பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போலுக்கென்று கைது செய்யும் படை எதுவும் கிடையாது. பிரான்சின் லியோன் நகரிலிருந்து அது அனுப்பும் சிவப்பு அறிவிப்பு, ஆளைத் தேடிப் பிடித்து வைக்குமாறு உறுப்பு நாடுகளுக்கு விடுக்கும் வேண்டுகோள்தான். அதற்கு என்ன மதிப்பளிப்பது என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே தீர்மானிக்கும். பிடிபட்டவரை ஒப்படைப்பது தனி வழக்கு; இழுபறி பெரும்பாலும் அங்கேதான். 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்டு, 2002-இல் போர்ச்சுகலின் லிஸ்பனில் பிடிபட்ட அபு சலேமை, மரண தண்டனையோ 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறையோ இருக்காது என்று இந்தியா உறுதியளித்த பிறகே, 2005 நவம்பரில் அந்நாடு ஒப்படைத்தது. இங்கே அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோதும், அந்த வாக்குறுதிக்கு அரசு கட்டுப்பட்டது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.