கூட்டுக் காப்புரிமை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (ஆத்தூர்): மரவள்ளிக்கிழங்கு தோலுரிக்கும் மெஷினுக்கு நானும் நண்பரும் சேர்ந்து காப்புரிமை (பேட்டன்ட்) வாங்கினோம். என்னைக் கேட்காமலே ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டார். செல்லுமா?

பதில்: செல்லாது. காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 50. அப்படிக் கொடுக்கலாம் என்று நீங்களே ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் வேறு கதை. வக்கீல் நோட்டீஸ் நண்பரோடு ஆலைக்காரருக்கும் போகட்டும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): கொலுசுச் சங்கிலி பின்னும் மெஷினின் காப்புரிமை எங்கள் இருவர் ஃபர்முக்குச் சொந்தம். ஒரு கோவைக் கம்பெனி ராயல்டி தருகிறது, பாதிப் பாதி எடுக்கிறோம். அதே கம்பெனி பார்ட்னருக்கு மட்டும் மாதாமாதம் 'ஆலோசனைக் கட்டணம்' கொடுப்பது இப்போதுதான் தெரிந்தது. கேட்டால், கணக்குச் சொல்ல வேண்டாமென்று காப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறதாம்.

பதில்: ஆலோசனைக் கட்டணம் என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னிடம் வரும் பார்ட்னர் சண்டைகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

உங்கள் பார்ட்னர் பிரிவு 50-ஐ அரைகுறையாகப் படித்திருக்கிறார். கூட்டு உரிமையாளர் தானே மெஷின் செய்து விற்றால், அந்த லாபத்துக்கு மற்றவரிடம் கணக்குச் சொல்ல வேண்டாம். அவ்வளவுதான். லைசென்ஸ் பணம் அதில் வராது. அதோடு நீங்கள் வெறும் கூட்டு உரிமையாளர்கள் இல்லை, ஃபர்ம். 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, நேர்மையாக நடந்துகொள், உண்மைக் கணக்கைக் காட்டு, முழு விவரமும் சொல் என்கிறது. பிரிவு 16 இன்னும் கறார்: ஃபர்மின் சொத்தையோ தொழில் தொடர்பையோ வைத்துத் தனியாகச் சம்பாதித்தால், டீடில் (பார்ட்னர்ஷிப் ஒப்பந்தப் பத்திரத்தில்) வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அந்தப் பணம் ஃபர்முக்கு.

காப்புரிமை இல்லாவிட்டால் அந்தக் கம்பெனி இவரைத் திரும்பிப் பார்த்திருக்குமா? கட்டணம் பெரும்பாலும் உங்கள் ராயல்டியிலிருந்துதான் போகும். 5 சதவீதம் கேட்க வேண்டிய இடத்தில் 3-க்குத் தலையாட்டிவிட்டு, மிச்சத்தில் கொஞ்சம் தன் பைக்கு. நிஜமாகவே வேலை பார்த்து, முன்னாலேயே உங்களிடம் சொல்லி, நீங்களும் சரி என்றிருந்தால் தப்பில்லை. இங்கே மறைத்திருக்கிறாரே.

கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் பிரிவு 12 உரிமை தருகிறது. எழுத்தில் கேளுங்கள். ஃபர்ம் பதிவானதா? அதை எழுதவே இல்லை, வழக்கம்போல! பதிவில்லை என்றால், ஃபர்ம் நடக்கும்போதே இந்தப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. கலைக்கவும், கலைத்த ஃபர்முக்குக் கணக்குக் கேட்கவும்தான் வழி.

கேள்வி (ஏற்காடு): காபிப் பழத்தின் தோல் நீக்கும் பல்ப்பர் மெஷினுக்கு நானும் மச்சானும் வாய்ப்பேச்சில் லைசென்ஸ் கொடுத்தோம். பணம் வரவில்லை.

பதில்: மூன்று பக்கக் கடிதத்தில் எஸ்டேட்டின் உயரம்கூட இருக்கிறது. காப்புரிமை கிடைத்துவிட்டதா, விண்ணப்பத்தோடு நிற்கிறதா என்பது மட்டும் இல்லை. காப்புரிமைக்கு வாய்ப்பேச்சு லைசென்ஸ் செல்லாது, காப்புரிமைச் சட்டம், பிரிவு 68. எழுத்தில், எழுத்தில், எழுத்தில்.

கேள்வி (ஓமலூர்): புதுப்பிப்புக் கட்டணத்தைப் பார்ட்னர் கட்டுவதாகச் சொன்னார், கட்டவில்லை. காப்புரிமை காலாவதியாகிவிட்டது.

பதில்: காலாவதியான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் மீட்பு மனு போடலாம். காப்புரிமை அலுவலகக் கன்ட்ரோலர் அனுமதித்தால் நீங்கள் ஒருவரே போடலாம், அவர் கையெழுத்துக்குக் காத்திருக்காதீர்கள். வேண்டுமென்றே அலட்சியம் செய்திருந்தால் ஃபர்மின் நஷ்டத்தை அவர்தான் ஈடுகட்ட வேண்டும்.

கேள்வி (சூரமங்கலம்): பார்ட்னர் இறந்து இரண்டு வருடமாகிறது. ஃபர்மை நானே நடத்துகிறேன். அவர் மகன் ராயல்டியில் பங்கு கேட்கிறார்.

பதில்: கேட்கத்தான் செய்வார். இன்னும் அவர்கள் கணக்கை முடிக்கவில்லை, அப்படித்தானே? டீடில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், ஃபர்மில் அவர்கள் சொத்தைப் பயன்படுத்தி வந்த லாபத்தில் பங்கு, அல்லது அந்தச் சொத்துப் பங்கின் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. எது வேண்டும் என்பது வாரிசுகள் இஷ்டம், பார்ட்னர்ஷிப் சட்டம், பிரிவு 37. ஆடிட்டரை வைத்து இறந்த தேதி வரையிலான கணக்கை முதலில் முடியுங்கள். பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.