பதில்: பரதம் தெரியும், பாலே தெரியாது, மியூசிக்கல் தியேட்டர் மாஸ்டர்ஸ் கிடைக்குமா?

தங்கச்சி, சுங்கை சிப்புட்ல இருந்து லண்டனுக்கு மியூசிக்கல் தியேட்டர் (பாட்டும் ஆட்டமும் சேர்ந்த மேடை நாடகம்) மாஸ்டர்ஸ் படிக்க வீடியோ ஆடிஷன் அனுப்பணும், கர்நாடக சங்கீதமும் பரதமும்தான் தெரியும், பாலே கத்துக்கல, போதுமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா அனுப்புங்க. லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக், கிளாஸ்கோ ராயல் கன்சர்வட்வார் ரெண்டுலயும் இந்த மாஸ்டர்ஸ் ஒரு வருஷ கோர்ஸ், பாட்டு, நடிப்பு, ஆட்டம் மூணையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க, அபிநயம் பழகின முகம் உங்களுக்குப் பெரிய பலம்.

எனக்குக் கவலை பாட்டுலதான். கர்நாடகப் பழக்கத்துல இங்கிலீஷ் வரி முடியற இடத்துல கமகம், அதாவது சுரத்தை அசைச்சுப் பாடறது, தானா வந்து உக்காந்துடும், ஆனா ஆடிஷன் பார்க்கறவங்க கவனிக்கறது பாட்டுல வர்ற பொண்ணு யார்கிட்ட என்ன கேக்குறா, பேச்சு போதாம ஏன் பாட ஆரம்பிச்சாங்கறதைத்தான். அதனால டியூனை விட்டுட்டு வரிகளை முதல்ல வசனமா பேசிப் பாருங்க, மூச்சு எங்க எடுக்கணும்னு அப்பவே பிடிபட்டுடும், அப்புறம் பாடுங்க. பழைய ஸ்டைல்ல ஒண்ணு, இப்போதைய பாப் ஸ்டைல்ல ஒண்ணுன்னு எடுங்க, ரெண்டும் சோகமா வேணாம்.

ரெக்கார்ட் பண்றப்ப ஃபேனை அடைச்சிடுங்க. மியூசிக் ஓடற ஸ்பீக்கரை போனுக்குப் பின்னாடி தள்ளி வைங்க, குரலை அமுக்கிடக் கூடாது. நடுவுல வெட்டி ஒட்டாம ஒரே டேக்.

காசுக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் குடுக்கற செவனிங் ஸ்காலர்ஷிப் பாருங்க, மலேசியர்களுக்கு உண்டு. டிகிரியோட 2,800 மணி நேர வேலை அனுபவம் கேப்பாங்க, படிச்சு முடிச்சதும் நாடு திரும்பி 2 வருஷம் இங்க இருக்கணும். டியூஷன் சென்டர்ல பார்ட் டைம் செய்றதா சொன்னீங்களே, அதுவும் கணக்குல வருமான்னு செவனிங் சைட்ல பார்த்துக்குங்க, சம்பள ஸ்லிப்பை எல்லாம் இப்பவே எடுத்து வைங்க லா.