கரடிகளைப் பற்றிக் கேட்டீர்கள்: கேள்வி பதில்

அக்டோபர் 12 உலகத் தேன் கரடி நாள். நம் ஊர்க் காடுகளில் இருப்பது இந்தக் கரடிதான். அதையொட்டி, கரடிகளைப் பற்றி என்ன கேட்டாலும் பதில் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். காட்டுயிர் களப்பணியில் இருக்கிற எனக்கு இவ்வளவு கேள்விகள் வந்தது பெரிய சந்தோஷம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக ஆக்கியிருக்கிறேன்.

கேள்வி: சார், புலி இத்தனை, யானை இத்தனை என்று கணக்குச் சொல்கிறார்கள். கரடிக் கணக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

புலிக்கு வரி இருக்கிறது. தானியங்கிக் கேமராவில் பதிவான இரண்டு படங்களை அருகருகே வைத்தால் ஒரே புலியா, வேறு வேறா என்று சொல்லிவிடலாம். தேன் கரடி முழுக்கக் கறுப்பு. மார்பில் வெள்ளையாக ஒரு 'வி' இருக்கும், அதுவும் நேராக வந்து நின்றால்தான் தெரியும். அதனால் ஒவ்வொன்றாக எண்ணுவது மிகக் கடினம். உலகத்தில் 20,000-க்கும் குறைவாகவே இருக்கும் என்பது மதிப்பீடு. அதில் பெரும்பகுதி இந்தியாவில். இலங்கை, நேபாளத்தில் கொஞ்சம், பூட்டானில் மிகக் குறைவு. வங்கதேசத்தில் முன்பு இருந்தது, இப்போது இல்லை.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது அவை வாழும் இடம். இவை காப்பகங்களுக்குள் மட்டும் இருப்பதில்லை. ஊரை ஒட்டிய முட்புதர்க் காடு, கரடு, பாறைக் குன்று என்று வெளியே நிறைய வாழ்கின்றன. வருவாய்த் துறைப் பதிவேட்டில் இதில் பெரும்பாலான நிலத்துக்குப் பெயர் 'தரிசு'. தரிசு என்று எழுதிவிட்டால் கல் குவாரிக்குக் கொடுப்பது சுலபம். பகல் வெயிலில் கரடி ஒதுங்குவதும், தாய்க்கரடி குட்டி போடுவதும் பாறை இடுக்குகளிலும் குகைகளிலும்தான். காட்டை வெட்டினால் திரும்ப மரம் நடலாம். வெடி வைத்துத் தகர்த்த குன்றை யாராலும் திரும்ப வைக்க முடியாது. கர்நாடகத்தில் ஹம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் தரோஜி கரடிகள் சரணாலயம் 1994-இல் அறிவிக்கப்பட்டது. வெறும் பாறையும் முள்ளுமாகத் தெரியும் அந்த நிலம் எத்தனை கரடிகளைத் தாங்குகிறது என்று போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

கேள்வி: கறையான் புற்றைக் கரடி உறிஞ்சும் என்கிறார்கள். உண்மையா, கட்டுக்கதையா?

உண்மைதான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேல்வரிசையில் நடுவில் இருக்க வேண்டிய இரண்டு வெட்டுப்பற்கள் தேன் கரடிக்குக் கிடையாது. அந்த இடம் ஓட்டையாகவே இருக்கும். உதடுகள் நீண்டவை, முடியில்லாதவை, குழல் போலக் குவித்துக்கொள்ளலாம். மூக்குத் துளைகளை வேண்டும்போது மூடிக்கொள்ளவும் முடியும். புற்றை மோப்பம் பிடித்ததும் முன்னங்கால் நகங்களால் தோண்டும். நகம் ஒவ்வொன்றும் ஆள்காட்டி விரல் நீளம். கூடு வரை தோண்டியதும் மூஞ்சியை உள்ளே விட்டு முதலில் 'புஸ்ஸ்' என்று ஊதும். மண்ணும் தூசியும் பறக்கும். அடுத்து பலமாக ஓர் உறிஞ்சல், கறையான்கள் கொத்தாக வாய்க்குள் போய்விடும். மறுபடி ஊதல், மறுபடி உறிஞ்சல். காடு அமைதியாக இருந்தால் நூறு மீட்டருக்கு அப்பாலும் இந்தச் சத்தம் கேட்கும். மறுநாள் அந்தப் பக்கம் போனால் புற்றில் கூம்பு மாதிரி ஒரு குழி இருக்கும், சுற்றிலும் நகக்கீறல்.

கறையான், எறும்பு போக மீதி வயிறு பழத்துக்கு. இலந்தை, நாவல், அத்தி எல்லாம் தின்னும். சரக்கொன்றைக் காயின் இனிப்பான சதைக்காகவும் வரும். விதைகள் எச்சத்தில் முழுசாக வந்து விழுந்து முளைக்கின்றன. அந்த வகையில் காட்டை வளர்ப்பதில் கரடிக்கும் பங்கு உண்டு.

கேள்வி: குளிர்காலத்தில் தூங்கிவிடுமா?

இல்லை. இங்கே வருஷம் முழுக்க இரை கிடைக்கிறது. குட்டி போட்ட தாய் மட்டும் சில வாரங்கள் குகையிலேயே இருக்கும்.

கேள்வி: சின்ன வயதில் இரண்டு நண்பர்களும் கரடியும் கதை படித்தோமே. செத்தவன் போல மூச்சடக்கிப் படுத்தால் கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுமா? அப்புறம், மரத்தில் ஏறித் தப்பிக்கலாமா?

மரத்தை முதலில் மறந்துவிடுங்கள். தேன் கூட்டுக்காக உயரமான மரங்களில் ஏறும் விலங்கு அது. சரிவில் கீழ்நோக்கி ஓடினால் முடி கண்ணை மறைத்து அதற்கு வழி தெரியாது என்று சொல்வதையும் நம்பாதீர்கள். மேட்டிலும் பள்ளத்திலும் நம்மைவிட வேகமாக ஓடும்.

படுப்பது பற்றி: கரடியைப் பார்த்தவுடனேயே படுக்கக் கூடாது. தூரத்தில் இருக்கிறது, உங்களைக் கவனிக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். பார்த்துவிட்டது என்றால் முதுகைக் காட்டி ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். கூட்டமாக இருந்தால் சிதறாதீர்கள். பாய்ந்து மேலே விழப் போகிறது, வேறு வழியில்லை என்ற கட்டத்தில்தான் குப்புறப் படுக்க வேண்டும். முகத்தை மண்ணோடு அழுத்தி, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். தேன் கரடி குறிவைப்பது பெரும்பாலும் தலையையும் முகத்தையும். அது நன்றாகத் தூரம் போகும் வரை எழாதீர்கள். காயம் பட்டால் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசியும் அவசியம்.

கேள்வி: மனிதரைத் தின்னாத விலங்கு இவ்வளவு மூர்க்கமாகத் தாக்குவது ஏன்?

பயத்தால். தேன் கரடி புலியோடு சேர்ந்தே வாழ்ந்து வந்த விலங்கு. புலியிடம் மானைப் போல ஓடித் தப்ப முடியாது. மரத்தில் ஏறினால் சிறுத்தையும் ஏறி வரும். எதிர்த்து நின்று பாய்ந்தால்தான் பிழைக்கும். குட்டிகளைத் தாய் முதுகில் சுமந்து திரிவதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். வேறெந்தக் கரடி இனத்திலும் இது வழக்கமாக இல்லை.

புற்றில் தலையை விட்டு ஊதிக்கொண்டிருக்கும்போது அதற்கு நம் காலடி கேட்காது. புதருக்குள் அசந்து தூங்கும்போதும் அப்படித்தான். ஐந்தாறு அடி தூரத்தில் திடீரென்று ஆளைப் பார்த்தால் யோசிக்காமல் பாய்ந்துவிடுகிறது. விறகுக்குப் போகிறவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், விடியற்காலையில் ஒதுக்குப்புறமாகப் போகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே பேசிக்கொண்டே போங்கள், தடியால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள், தனியாகப் போகாதீர்கள். நாயைக் கூட்டிப் போக வேண்டாம். அது கரடியைச் சீண்டிவிட்டு உங்களிடமே ஓடி வரும்.

கேள்வி: ஐயா, நாங்கள் கோத்தகிரிப் பக்கம். கரடி ராத்திரியில் வந்து கடைக் கதவை உடைக்கிறது, கோயில் விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது. பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விட்டால் என்ன?

உங்கள் பயம் நியாயமானது. இருட்டில் தேயிலைத் தோட்டத்து வழியே வீடு திரும்புகிறவர்களுக்கு அது நித்தம் உள்ள ஆபத்து. ஆனால் கூண்டு வைத்துப் பிடிப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். பிடித்துவிட்ட கரடி திரும்பி வரலாம், அல்லது புது ஊரில் அதே வேலையைச் செய்யலாம். உங்கள் ஊரிலும் எண்ணெய் வாசம் அப்படியே இருந்தால், அந்த இடத்துக்கு இன்னொரு கரடி வரும்.

கரடியின் மோப்பம் அபாரமானது. ஒரு தடவை ருசி கண்ட இடத்தை மறக்காது. அதனால் பூசை முடிந்ததும் எண்ணெயை எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். பேக்கரிக் கழிவையும் குப்பையையும் இரவில் வெளியே விடக் கூடாது. பலா, கொய்யா பழுத்தவுடன் பறித்துவிடுங்கள். நடைபாதை ஓரத்து உண்ணிச்செடிப் புதரை வெட்டி விளக்குப் போடச் சொல்லுங்கள். இதை ஒரு தெரு மட்டும் செய்து பயனில்லை, ஊரே சேர்ந்து செய்ய வேண்டும்.

கேள்வி: குழந்தை பயப்படாமல் இருக்கக் கரடி முடித் தாயத்து கட்டச் சொல்கிறார் மாமியார். கட்டலாமா?

கட்டாதீர்கள் அம்மா. கரடி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முடி, நகம், பல் எதை விற்றாலும் வாங்கினாலும் குற்றம். மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் தெருவில் வித்தை காட்டக் கூட்டி வந்த கரடியிடமிருந்து பிடுங்கிய முடி அது. அந்தக் கரடி என்ன பாடு பட்டது என்று தெரிந்தால் அவர்களே வேண்டாம் என்பார்கள்.

கேள்வி: அந்த வித்தைக் கரடிகள் எல்லாம் என்ன ஆயின?

குட்டியாக இருக்கும்போதே தாயைக் கொன்று பிடித்து வருவார்கள். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் மூக்குத் தண்டைத் துளைத்துக் கயிறு கோப்பார்கள். கோரைப்பல்லை உடைப்பார்கள். கயிற்றை இழுக்கும் வலியில் அது கால் மாற்றிக் குதித்ததைத்தான் நாம் ஆட்டம் என்று கைதட்டினோம்.

சட்டம் தடுத்த பிறகும் பல ஆண்டுகள் இது நடந்தது. கரடி வித்தை காட்டிப் பிழைத்த கலந்தர் சமூகத்தாருக்கு வேறு பிழைப்பு இல்லை என்பதுதான் காரணம். வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் என்ற காட்டுயிர் மீட்பு அமைப்பு, வனத்துறைகளோடு சேர்ந்து, கரடியை ஒப்படைத்தவர்களுக்கு வேறு தொழில் தொடங்கப் பணமும் பயிற்சியும் கொடுத்தது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது. 600-க்கும் மேற்பட்ட கரடிகள் மீண்டன. 2009 டிசம்பரில் கடைசி வித்தைக் கரடி ஒப்படைக்கப்பட்டது. ஆக்ரா, பன்னேர்கட்டா மையங்களில் பல கரடிகள் எஞ்சிய காலத்தைக் கழித்தன. ஆட்களைச் சிறையில் போடுவதோடு நின்றிருந்தால் இது நடந்திருக்காது.

கேள்வி: சீனா, வியட்நாமில் பித்தநீருக்காகக் கரடி வளர்க்கிறார்களாமே?

ஆமாம். அங்கே சிக்கிக்கொண்டது முக்கியமாக ஆசியக் கருங்கரடி, நெஞ்சில் பிறை போன்ற வெள்ளைக் குறி உள்ளது. திரும்பக்கூட முடியாத கூண்டில் ஆண்டுக்கணக்கில் அடைத்து, பித்தப்பையிலிருந்து நீரை எடுக்கிறார்கள். அதில் இருக்கும் அர்சோடியாக்ஸிகோலிக் அமிலத்துக்கு உண்மையிலேயே மருத்துவ குணம் உண்டு. கல்லீரல், பித்தப்பை நோய்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தருவதும் அதுதான். ஆனால் அந்த மாத்திரைக்குக் கரடியே தேவையில்லை. 1950-களிலேயே அதை ஆய்வுக்கூடத்தில் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அப்படி இருந்தும் 2020-இல் சீனா கொரோனாவுக்குப் பரிந்துரைத்த மருந்துப் பட்டியலில் கரடிப் பித்தம் கலந்த ஊசி மருந்து ஒன்று இருந்தது. அதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. வியட்நாமில் 2005 வாக்கில் 4,000-க்கும் மேல் கூண்டில் இருந்தவை இன்று மிகவும் குறைந்துவிட்டன. தென்கொரியா 2026 முதல் கரடி வளர்ப்பைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. காட்டில் இருப்பவற்றுக்குத்தான் இன்னும் நிம்மதியில்லை. லாவோஸ், கம்போடியா, வியட்நாம் காடுகளில் சுருக்குக் கம்பிகள் குவிந்து கிடக்கின்றன. கரடியினங்களில் மிகச் சிறியதான சூரியக் கரடியும் அவற்றில் மாட்டிக் கால் இழக்கிறது. நம் ஊரிலும் காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்கு, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி), திருட்டு மின்வேலி ஆகியவற்றில் கரடி சாகிறது. எங்காவது பார்த்தால் தயங்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் கரடிக்குட்டி தனியாகக் கிடந்தால் என்ன செய்ய?

தூக்காதீர்கள், பால் கொடுக்காதீர்கள், செல்ஃபி எடுக்க நிற்காதீர்கள். தாய் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம், நீங்கள் நின்றால் அது வராது, வந்தால் உங்களைத் தாக்கும். எல்லாரையும் விலக்கிவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். நாய்களைக் கட்டிப்போடுங்கள். ஓரிரு இரவு அந்த இடத்தை அமைதியாக விட்டால் தாயே வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். வராவிட்டால் அடுத்து என்ன என்று வனத்துறைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்வார்.