கழுவிக் கொடுத்த கிண்ணம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் சமையல் பதிவுகளை இரண்டு வருடமாகப் படிக்கிறேன். ஒரு புகார் இருக்கிறது. தோட்டத்தில் பறித்தது, கோவிலில் கொடுத்தது, பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்றே எழுதுகிறீர்கள். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். தோட்டம் கிடையாது. சாமி நம்பிக்கையும் பெரிதாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயர்கூடத் தெரியாது. போன பொங்கலுக்குக் கீழ்வீட்டு ஓனர் அம்மா ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார். மறுநாளே நன்றாகக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதோடு சரி. நீங்கள் எழுதிய முருங்கைக்கீரைப் பொரியலை மார்க்கெட்டில் கட்டு வாங்கி மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் கசந்தது. எளிய சமையல் என்று நீங்கள் சொல்வது சொந்த வீடும் நிறைய நேரமும் உள்ளவர்களின் ஆடம்பரம்தானே? கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

கோபமெல்லாம் இல்லை. முதலில் கீரையை முடித்துவிடுவோம். கட்டில் முற்றிய இலை அதிகம் இருந்திருக்கும், இல்லையென்றால் வாணலியை மூடி வைத்திருப்பீர்கள். மூடாதீர்கள். கட்டை வாங்கி வந்ததும் ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலை பாதிக்கு மேல் தானாகக் கொட்டியிருக்கும். மிச்சத்தை உருவி, ஈர்க்கைத் தள்ளிவிட்டு, வரமிளகாய் தாளித்து, சின்ன வெங்காயம் வதங்கியதும் போட்டு, கரண்டிக் காம்பால் கிளறுங்கள். கரண்டியின் முகத்தால் கிளறினால் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். அரை வேக்காட்டுப் பாசிப்பருப்பைக் கடைசியில் சேருங்கள். இதற்கு மேல் அதில் ரகசியம் எதுவும் இல்லை.

ஆடம்பரம் என்றீர்களே, ஒப்புக்கொள்கிறேன். கடலூர் திருப்பாப்புலியூரில் அப்பா வாங்கிப்போட்ட மனை, ஒரு கிணறு, நாலு மரம். அவற்றில் எதையும் நான் சம்பாதிக்கவில்லை. ஆனால் எளிமை என்று நான் எழுதும்போது சுலபம் என்று நீங்கள் படித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. முருங்கைக்கீரை உருவ முக்கால் மணி நேரம் ஆகும். பலாக்கொட்டைக்குத் தோல் உரித்தால் நகக்கண் வலிக்கும். பச்சை முந்திரியைப் பிளந்தால் தோட்டுப் பால் பட்டுக் கை வெந்துபோகும், எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்கார வேண்டும். எங்கள் பக்கத்தில் சுலபமான சமையல் என்றால் அது பரோட்டாக் கடையில் பார்சல் வாங்குவதுதான். அதையும் நான் வாங்குகிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் பதிவுகளில் பாதி நான் ஆசைப்பட்டுச் சமைத்தது கிடையாது, மாளாமல் சமைத்தது. முருங்கை காய்க்க ஆரம்பித்தால் ஒரு வீட்டால் தின்று தீர்க்கவே முடியாது. சாம்பார், கூட்டு, பொரித்த குழம்பு என்று ஒரு வாரம் ஓடும். எட்டாம் நாள் பிள்ளைகள் தட்டைத் தள்ளுவார்கள். அப்போது பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கத்தானே வேண்டும்? எனக்குப் பக்கத்து வீடுகள் பழக்கமானது நல்ல மனசால் அல்ல, முருங்கைக்காயால்.

அந்த மரத்தின் கதையைக் கேளுங்கள். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் முருங்கை இடுப்பளவில் முறிந்து கிணற்றடியில் விழுந்தது. தெருவில் கரண்ட் இல்லை, கடையில் காய் இல்லை. விழுந்த மரத்தின் கீரையையும் பிஞ்சையும் நாலு நாள் தெருவே சமைத்தது. விறகும் அதே தெருவில் விழுந்த மரங்கள்தான். அப்புறம் கிளைகளை வெட்டி ஒதுக்கும்போது, கேட்டவர்களுக்கெல்லாம் நட்டுக்கொள்ள ஆளுக்கொரு போத்து கொடுத்தோம். யார் யாருக்கு என்று நினைவில்லை. அடிமரம் தானாகத் துளிர்த்துக்கொண்டது.

2015 நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் முழங்கால் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. முருங்கை காற்றுக்கு முறியும், மறுபடி வந்துவிடும். வேரில் தண்ணீர் நின்றால் மட்டும் தாங்காது. இலை மஞ்சளாகி உதிர்ந்து, பொங்கலுக்குள் மரம் செத்துப்போயிற்று. அந்தத் தை மாதம் ஒரு நாள் மத்தியானம், கேப்பர் மலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு முழ நீளத்துக்கு முருங்கைப் போத்து, மேல் வெட்டில் சாணி அப்பியிருந்தது. "தானே அப்போ நீங்க குடுத்ததுதாம்மா. எங்க செம்மண்ணுல நல்லா வந்திருக்கு. உங்க மரம் போயிடுச்சுன்னு சொன்னாங்க" என்றார். முகம் எனக்கு ஞாபகமே இல்லை. இப்போது நான் கீரை பறிப்பது அந்த மரத்தில்தான்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்தக் கிண்ணம் வந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்கிறீர்கள். எங்கள் அம்மா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் எங்கள் வீட்டில். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரை, இரண்டு இணுக்குக் கறிவேப்பிலை. கொடுப்பதன் அளவை யாரும் பார்ப்பதில்லை. கிண்ணம் வெறுமனே போனால் கணக்கு முடிந்தது என்று ஆகிவிடும், அவ்வளவுதான். உங்கள் கீழ்வீட்டம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார். பாவம், அவரும் மேல்வீட்டுப் பெண் ஒட்டமாட்டாள் போல என்று நினைத்திருக்கலாம்.

நம்பிக்கை விஷயம். சாமி கும்பிடுங்கள் என்று நான் ஏன் சொல்லப்போகிறேன்? ஆனால் அதற்காகச் சாமிக்குப் படைப்பதை வெறும் சத்துணவாகச் சுருக்கவும் எனக்கு மனமில்லை. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவரிடம் போய் இது குடலுக்கு நல்லது என்று பாடம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அவர் பிள்ளைக்கு அம்மை இறங்கியதற்கு ஊற்றுகிறார். நான் முதல்முறை கூழ் காய்ச்சியபோது அவசரப்பட்டேன். கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்க வைக்காமல், கொதிக்கிற நொய்க்கஞ்சியில் நேராகக் கொட்டிவிட்டேன். கட்டி கட்டியாக நின்றது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பை வாங்கி அரை மணி நேரம் அடித்து மசித்துவிட்டு, கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டுக் காட்டினார். "கையில ஒட்டலன்னா வெந்துடுச்சு." புளிப்பு மட்டும் வரவே இல்லை. அம்மன் அதையும் ஏற்றுக்கொண்டாள்.

வடலூர் எங்களுக்குப் பக்கம். இதே வைகாசி மாதத்தில், 1867-இல், வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. தைப்பூசத்துக்கு அங்கே அரிசியும் காயும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு பூசணியாவது போகும். இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பழக்கம், நாத்திகர்கள்கூட அனுப்புவார்கள்.

கடலூர் பழைய நகரத்தில் என் அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல். ரம்ஜான் மாதம் சாயங்காலம் தூக்குவாளியோடு வரிசையில் நிற்போம், எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்டதில்லை. பருவச் சமையல் என்று பேசும்போது எனக்கு அந்த நோன்புக் கஞ்சிதான் விசித்திரமாகப் படும். மற்றதெல்லாம் அதனதன் மாதத்தில் வரும். ரம்ஜான் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும். அதனால் அந்தக் கஞ்சியை மாவடு கடித்துக்கொண்டும் குடித்திருக்கிறேன், ஐப்பசி மழையில் சூடான மசால் வடையோடும் குடித்திருக்கிறேன். உங்கள் முத்தியால்பேட்டையிலும் கிடைக்கும். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் வரும்போது வழியெல்லாம் மோரும் புளிசாதமும் கொடுப்பார்களே, அதை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர்களா? கூச்சப்படாமல் வாங்குங்கள்.

சரி, இப்போது வைகாசி. தோட்டம் வேண்டாம், பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் போதும். எது குவியலாகக் கிடக்கிறதோ அதுதான் பருவம். இப்போது கிடப்பது பண்ருட்டிப் பலா. சுளை வாங்கினால் கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். நிழலில் இரண்டு நாள் உலர்த்தி மணலில் புதைத்து வைத்தால் கெடாமல் இருக்கும், மணலுக்கு மொட்டை மாடியில் ஒரு உடைந்த தொட்டி போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நல்ல மீனைத் தொட முடியாது. பலாக்கொட்டை குவிகிற அதே நாட்களில் மீன் குறைகிறது. எங்கள் பக்கத்துக் கருவாட்டுக் குழம்பில் பலாக்கொட்டை வந்து சேர்ந்தது இப்படித்தான் இருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

கொட்டையின் வெள்ளைத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் செம்பழுப்புத் தோலை அங்கங்கே சுரண்டி, கல்லால் ஒரு தட்டு தட்டி, அரை வேக்காடு வேகவையுங்கள். நல்லெண்ணெயில் வெந்தயம், பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, புளியும் குழம்பு மிளகாய்த்தூளும் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போனதும் கொட்டையைப் போடுங்கள். அது வெந்த பிறகு நாலு துண்டு மாங்காய். நெத்திலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, மணல் போக மூன்று தண்ணீரில் அலசி, கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போட்டால் போதும். முதலிலேயே போட்டால் கரைந்து முள்தான் மிஞ்சும். உப்பைக் கருவாடு போட்ட பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒரு மாதிரிதான் இருக்கும், மறுநாள் காலையில் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும்போதுதான் ருசி தெரியும்.

இரண்டு பேருக்கு இந்தக் குழம்பைக் கொஞ்சமாக வைக்கவே வராது, எப்படியும் மிஞ்சும். ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு கீழே போங்கள். அதற்கு முன்னால் அந்த அம்மா கருவாடு சாப்பிடுவாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், நான் ஒரு முறை விசாரிக்காமல் கொண்டுபோய் மாட்டிக்கொண்டேன். சைவம் என்றால் கருவாட்டுக்குப் பதில் முருங்கைக்காய். அதைக் கொட்டையோடு சேர்த்தே போட்டுவிடலாம்.

அன்புடன்,
அக்கா