நிமோனியாவுக்குப் பிறகு நெஞ்சில் நீர் கோத்துவிட்டது, டியூப் போடச் சொல்கிறார்கள். மருந்திலேயே சரியாகாதா?

உங்கள் வீட்டில் இந்நேரம் இரண்டு பேர் "போட்டுவிடலாம்" என்றும் நான்கு பேர் "வேண்டாம்" என்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பிக்கு நிமோனியா. ஐந்து நாள் ஊசி போட்டு, காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தான். மூன்றாம் நாள் மறுபடியும் காய்ச்சல், வலது விலாவில் குத்து. மூச்சை இழுக்க ஆரம்பித்துப் பாதியிலேயே நிறுத்திக்கொள்வான். எக்ஸ்ரேயில் வலப்பக்கம் கீழே வெள்ளையாக இருந்தது. ஸ்கேன் பார்த்து, முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். சிரிஞ்சில் ஏறியது லேசாகக் கலங்கிய மஞ்சள் நீர்தான். சீழ் இல்லையே என்று எனக்கு உயிர் வந்தது. ஆனால் பரிசோதனையில் பிஎச் (நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.1. அது 7.2க்குக் கீழே இறங்கினால், பார்க்க நீர் போல இருந்தாலும் டியூப் வைத்து வடிப்பதே நல்லது என்றார் டாக்டர். நெஞ்சில் ஓட்டை போடுவதா என்று பதறி, ஆன்டிபயாடிக்கை மாற்றி இரண்டு நாள் பார்க்கலாம் என்று கெஞ்சினேன்.

அந்த இரண்டு நாளை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. முதல் ஸ்கேனில் ஒரே கறுப்பாகத் தெரிந்த இடம், அடுத்த ஸ்கேனில் சிலந்தி வலை பின்னியது போல அறை அறையாகப் பிரிந்திருந்தது. கிருமி தங்கிய நீருக்குள் உடம்பே இப்படி இழைகளைப் பின்னிவிடுமாம். இன்னும் விட்டால் அது கெட்டியான தோல் போல நுரையீரலைச் சுற்றிக்கொண்டு, விரியவே விடாது. மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சீழ் தேங்கிய குழிக்குள் ரத்த ஓட்டம் ஏது?

டியூப் போட்டும் ஓர் அறை மட்டும்தான் வடிந்தது. அப்புறம் டியூப் வழியாகவே இரண்டு மருந்துகளை உள்ளே செலுத்தினார்கள், காலையும் மாலையும், மூன்று நாள். ஒன்று இழைகளைக் கரைக்க, இன்னொன்று சீழின் பிசுபிசுப்பைக் குறைக்க. 2011இல் வெளியான ஆய்வில் இரண்டும் சேர்ந்தபோதுதான் பலன் கிடைத்தது, தனித்தனியாக இல்லை. இரண்டாம் நாளிலிருந்து வடிய ஆரம்பித்தது. இதிலும் கேட்காவிட்டால் துளை வழி ஆபரேஷன் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். அதுவரை போகவில்லை.

டியூப் போட்டால், நீர் வடிந்து சேரும் பாட்டிலைக் கவனியுங்கள். மூச்சு விட விட அதன் குழாயில் நீர் மேலும் கீழும் ஆடும். நான் இரவெல்லாம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் திடீரென்று நின்றால் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கலாம், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். நடக்கும்போதும் பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். வலி மருந்தைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். வலி இருந்தால் இருமவும் மாட்டார்கள், மூச்சை ஆழமாக இழுக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் அலுவலகத்தில் விடுப்பு கேட்டபோது, "தம்பிதானே, அவருக்கு மனைவி இல்லையா?" என்றார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மாவும் இல்லை. கூடப் பிறந்தவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு எத்தனை பேரிடம் காரணம் சொல்ல வேண்டியிருந்தது! இரவு அவனைப் பார்த்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போனேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் ஆறவில்லை.

பயமுறுத்துகிறேன் என்று யாராவது எழுதுவீர்கள். எல்லா நீருக்கும் டியூப் வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீர் பெரும்பாலும் ஊசிகூடக் குத்தாமல் ஆன்டிபயாடிக்கிலேயே வற்றிவிடும். நான் டாக்டரும் அல்ல. ஆனால் உங்களுக்கு டியூப் என்றே சொல்லிவிட்டார்கள். நாளைக் காலை டாக்டர் வரும்போது இரண்டைக் கேளுங்கள்: எடுத்த நீரின் பிஎச் எவ்வளவு, ஸ்கேனில் தடுப்புகள் தெரிகின்றனவா. பதில் எங்களுக்கு வந்தது போல இருந்தால், இரண்டு நாள் அவகாசம் கேட்காதீர்கள்.

தம்பி நான்கு வாரம் மாத்திரை சாப்பிட்டான். எக்ஸ்ரே தெளிய அதற்கும் மேலே ஆனது. இப்போது மாடிப்படியை நிற்காமல் ஏறுகிறான்.